மணிபல்லவத்திலிருந்து ஜேர்சி சிற்றி வரை



இரண்டு மாதங்களுக்கு முன் வரிப் படிவங்களைப் பற்றி உரையாற்றி முடித்தபோது நிலையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. வரிக் கேள்வியாக இருக்குமென்று எண்ணி எடுத்தேன். எடிசனில் இருந்து ஒரு தாயார். "அண்ணை, இது வரி விசயமில்லை. என்ரை மகன் பதினாலு வயது. எந்த நேரமும் மந்திரம், பூதம், பேய் எண்டு மொத்த மொத்தப் புத்தகமாய் வாசிக்கிறான். பாடப் புத்தகத்தைத் தொடுறதில்லை. இதை நிப்பாட்டவேணுமோ, விடவேணுமோ?" என்று கேட்டார். ஒரு கணக்காளரிடம் கேட்கவேண்டிய கேள்வி இது அல்ல. ஆனாலும் இதே கேள்விக்கு இருபது வருடங்களுக்கு முன் நான் பிழையான விடை எழுதியவன். ஒரு மார்ச் மாதத்து இரவில், மேசை நிறைய மற்றவர்களின் வருமானக் கணக்குகள் கிடக்க, என் மகளின் மாயக்கதைப் புத்தகங்கள் ஐந்தாறைத் தூக்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். "இருக்கிற உலகத்தையே சமாளிக்க ஏலாமல் கிடக்கு, இல்லாத உலகம் உனக்கேன்?" என்று கேட்டதாகவும் ஞாபகம்.

அந்தத் தாயாருக்கு அன்று நான் சொன்னது, "ஒரு மாதம் தாருங்கள் தங்கச்சி, வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பதுதான். ஒரு மாதம் இரண்டாயிற்று. நியூவார்க்கில் மாறி பாத் ரயிலில் வேலைக்குப் போய்வரும் நேரமெல்லாம் வாசித்தேன். புத்தகங்களைத் தெரிந்து தந்தவள் மகள்தான். அவளுக்கு இப்போது முப்பது வயது. பூட்டிய அலுமாரியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தாள், அவ்வளவே.

நம்மவர்களுக்கு மாயக்கதை புதிதென்று நினைப்பது பெரிய தவறு. தமிழின் ஐம்பெருங் காப்பியங்களில் ஒன்று முழுக்க முழுக்க மாயக்கதை. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையை உ. வே. சாமிநாதையர் 1898இல் பதிப்பித்தார். முப்பது காதைகள். பூம்புகாரின் உவவனத்தில் இருந்த இளம் பெண்ணை ஒரு கடல் தெய்வம் உறக்கத்திலேயே தூக்கிச் சென்று முப்பது யோசனை தூரத்தில் மணிபல்லவம் என்ற தீவில் விட்டுவிடுகிறது. கண்விழித்த பெண்ணுக்கு அயலில் ஒரு முகமும் தெரியாது. அங்கே ஒரு பீடிகை அவளுக்கு முற்பிறப்பைக் காட்டுகிறது. மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன: வேற்றுருவம் கொள்ள ஒன்று, வான்வழி செல்ல ஒன்று, பசியைத் தாங்க ஒன்று. பிறகு கோமுகிப் பொய்கையில் இருந்து அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. இந்த மணிபல்லவம் நம்முடைய நயினாதீவுதான் என்று பலர் கருதுகிறார்கள். ஆய்வாளர் எல்லோரும் ஒத்துக்கொண்ட முடிவல்ல அது. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் உண்டு, நாகதீப விகாரையும் உண்டு என்பது நேயர்கள் அறிந்ததே.

இந்தப் பகுதியைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது சோதனைக்காகப் படித்தேன். 1990இல் படகில் இராமேஸ்வரம் வந்திறங்கி மண்டபம் முகாமில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோதுதான் அந்த மூன்றாவது மந்திரத்தின் பெறுமதி விளங்கியது. மணிமேகலை அந்தப் பாத்திரத்தை வைத்து என்ன செய்தாள் என்று பாருங்கள். நாடு பிடிக்கவில்லை, எவரையும் பழிவாங்கவில்லை. யானைத்தீ என்ற தீராப் பசி நோய் பிடித்த காயசண்டிகையின் பசியைத் தீர்த்தாள். சிறைச்சாலைக்குள் போய்ச் சோறு போட்டாள். பிறகு அரசனிடம் கேட்டு அந்தச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றினாள். சிறையை அன்னசாலையாக்கும் கதாநாயகியை இந்தக் காலத்து மாயக்கதைகளில்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை.

பிற்காலத்துக்கு வருவோம். இலங்கையின் ஆரம்பகாலத் தமிழ் நாவல்களை எடுத்தால் அங்கேயும் தூரதேசத்து விநோதக் கதைதான். 1885இல் வந்தது சித்திலெவ்வையின் அசன்பே சரித்திரம். 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பியின் ஊசோன் பாலந்தை கதை. பிந்தியது ஐரோப்பிய மத்தியகாலக் கதை ஒன்றின் தழுவல். அரசி ஒருத்தி பழி சுமத்தப்பட்டு நாடு கடத்தப்படுகிறாள். காட்டில் இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. ஒன்றைக் கரடி தூக்கிச் சென்று வளர்க்கிறது, மற்றது அரண்மனையில் வளர்கிறது. வளர்ந்தபின் இருவரும் சகோதரர் என்று அறியாமல் சண்டையிடுகிறார்கள். நம் நாவல் வரலாற்றின் வாசலிலேயே இப்படி ஒரு கதை நிற்கிறது.

எங்கள் தலைமுறைக்கு அம்புலிமாமா. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தொடங்கியது. வேதாளத்தைத் தோளில் சுமந்து வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தன் படத்தை வரைந்த சங்கர் 2020இல்தான் காலமானார். எங்கள் ஊர் வாசிகசாலையில் ஒரு இதழைப் பத்துப் பேர் மாறிமாறி வாசிப்போம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு அப்பா என்னை மூன்று நான்கு தடவை கூட்டிக்கொண்டு போயிருப்பார். 1981 மே 31 இரவு வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தபோது எனக்குப் பத்து வயது. பெரியவர்கள் ஓலைச்சுவடிகளைப் பற்றியும் பழைய பத்திரிகைத் தொகுப்புகளைப் பற்றியும் அழுதார்கள். நான் பாதியில் விட்டுவந்த ஒரு பூதக் கதையைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

இனி, நகர மாயக்கதை என்று ஒரு வகை. காட்டிலோ பழைய இராச்சியத்திலோ அல்லாமல், நாங்கள் பஸ் ஏறுகிற நகரத்திலேயே தெய்வமும் பேயும் நடமாடுகிற கதை. ஆங்கிலத்தில் இந்தப் பெயர் பிரபலமானது 1980களில். சார்ள்ஸ் டி லின்ற் கனடாவின் ஒட்டாவாவை வைத்து எழுதினார், எம்மா புல் 1987இல் மினியாபொலிஸை வைத்து எழுதினார். ஆனால் புதுமைப்பித்தன் 1943இலேயே கலைமகளில் "கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்" எழுதிவிட்டார். சென்னை பிராட்வே முனையில் டிராமா பஸ்ஸா என்று யோசித்து நிற்கும் பிள்ளைவாளிடம் கடவுள் வழி கேட்கிறார். இருவரும் காப்பி குடிக்கிறார்கள். பிள்ளை தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்க, கடவுள் யாருடைய ஆயுள் என்று விசாரிக்கிறார். கணக்காளனாகச் சொல்கிறேன், தமிழிலக்கியத்தில் கேட்கப்பட்ட மிகச் சரியான கணக்கியல் கேள்வி அதுதான். வரம் கொடுக்க வந்தவருக்கு அந்த நகரத்தில் ஒரு வேலைகூடக் கிடைப்பதில்லை.

அமெரிக்காவில் இந்த வகைக்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு. எச். பி. லவ்கிராஃப்ற் என்ற பயங்கரக் கதை எழுத்தாளர் 1924 முதல் 1926 வரை நியூயோர்க் புறூக்ளினில் வசித்தார். அந்த நகரத்தில் நிறைந்திருந்த குடியேறிகளைக் கண்டு அருவருத்தார். ரெட் ஹூக் என்ற துறைமுகப் பகுதியை வைத்து அவர் எழுதிய கதை 1927இல் வெளிவந்தது. அதில் பேய் வழிபாடு செய்பவர்கள் யாரென்றால், களவாகக் கப்பலில் வந்திறங்கும் அந்நியர்கள். அதாவது நாங்கள். இந்த மனிதரின் தலையுருவம்தான் உலக மாயக்கதை விருதின் சின்னமாகப் பல்லாண்டுகள் கொடுக்கப்பட்டது. எழுத்தாளர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2015இல்தான் அதைக் கைவிட்டார்கள்.

அதற்குப் பதில்போல 2020இல் வந்தது என். கே. ஜெமிசினின் 'த சிற்றி வீ பிகேம்'. இவர் 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று வருடங்கள் ஹியூகோ விருது பெற்ற கறுப்பினப் பெண்மணி. கதை இதுதான்: ஒரு நகரம் போதிய வயது வந்ததும் உயிர் பெறுகிறது. நியூயோர்க்கின் ஐந்து பெரும் பிரிவுகளுக்கும் ஒவ்வொரு மனிதர் அதன் உருவமாக ஆகிறார். வெள்ளையுடைப் பெண்ணொருத்தி வடிவில் வரும் பகையை இவர்கள் சேர்ந்து எதிர்க்கவேண்டும். லவ்கிராஃப்ற்றின் பூதங்களே பகைவர்; குடியேறிகளே காவல் தெய்வங்கள்.

இதில் குயீன்ஸ் பகுதியின் உருவம் யார் தெரியுமா? பத்மினி. சென்னையில் இருந்து வந்த இருபத்தைந்து வயதுத் தமிழ்ப் பெண். கணிதத்தில் கெட்டிக்காரி. அயல்வீட்டுப் பிள்ளைகளை நீச்சல் குளம் விழுங்க வரும்போது அவள் சமன்பாடுகளை நினைத்துத்தான் காப்பாற்றுகிறாள். இதை வாசித்தபோது ரயிலில் நான் இறங்கவேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன். 2022இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவளுக்கு வேலை போகிறது, விசாவும் ஆட்டம் காண்கிறது. ஒரு நகரத்தின் தெய்வத்துக்கே விசாப் பிரச்சினை! மூன்று பாகமாகத் திட்டமிட்டதை ஆசிரியர் இரண்டாகச் சுருக்கிவிட்டார், அதனால் இரண்டாம் பாகம் அவசரமாக ஓடுகிறது என்பது என் அபிப்பிராயம். பத்மினியின் பகுதி மாத்திரம் அவசரமில்லாமல் நிற்கிறது.

இன்னொன்று, நியூ ஜேர்சிக்காரர் அறியவேண்டியது. முதற்பாகத்தின் முடிவைச் சொல்லப்போகிறேன், வாசிக்க இருப்பவர்கள் மன்னிக்கவேண்டும். ஸ்ரற்றன் ஐலண்டின் உருவமான பெண் அந்நியருக்குப் பயந்து மற்ற நால்வரோடு சேர மறுக்கிறாள். ஐந்து இல்லாவிட்டால் நகரம் அழியும். அந்த வேளையில் ஜேர்சி சிற்றியைச் சேர்ந்த வெனேஸா என்ற இளம்பெண் அந்த இடத்தை நிரப்புகிறாள். ஹட்சன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், வேறு மாநிலம், சட்டப்படி நியூயோர்க்கே அல்ல. இருந்தும் தன்னை நியூயோர்க் என்று நினைப்பதாலும் மற்றவர்கள் ஏற்றுக்கொள்வதாலும் அது நியூயோர்க் ஆகிவிடுகிறது. குடிவரவுக் கந்தோர்களில் ஆவணங்களோடு வருடக்கணக்காக நின்ற நமக்கு, இப்படியும் ஒரு சேர்ப்பு முறை இருக்கலாம் என்று கேட்பதில் ஒரு ஆறுதல் உண்டு.

இப்போது ஊருக்குத் திரும்புவோம். கடந்த சில வருடங்களில் உலகம் பேசிய மாயக்கதைகள் இரண்டு இலங்கையில் இருந்து வந்தவை. இரண்டையும் எழுதியவர்கள் சிங்களவர்கள், எழுதியது ஆங்கிலத்தில். இதைச் சொன்னவுடன் நேயர்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். நானும் சுளித்தேன்.

முதலாவது ஷெஹான் கருணாதிலகவின் 'த செவின் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேய்டா'. முதலில் 2020இல் இந்தியாவில் வேறு பெயரில் வெளிவந்து, பின்னர் திருத்தப்பட்டு 2022இல் புக்கர் பரிசு பெற்றது. 1990ஆம் ஆண்டுக் கொழும்பு. போர்ப் படப்பிடிப்பாளன் ஒருவன் கண்விழிக்கும்போது தான் இறந்துவிட்டதை அறிகிறான். மறுவுலகம் ஒரு விசாக் கந்தோர் மாதிரி இருக்கிறது: வரிசை, படிவம், சத்தம். தன்னைக் கொன்றது யார் என்று அறிய அவனுக்கு ஏழு நிலவுகள் அவகாசம். கட்டிலின் கீழ் ஒளித்து வைத்த அவனுடைய படங்களில் 1983 ஜூலைப் படங்களும் இருக்கின்றன. கொழும்பின் மரங்களிலும் பஸ் தரிப்பிடங்களிலும் கொல்லப்பட்டவர்கள் ஆவியாகத் தொங்குகிறார்கள், எல்லாத் தரப்பாலும் கொல்லப்பட்டவர்கள். அங்கே அவனுக்கு வழிகாட்டும் பல்கலைக்கழக விரிவுரையாளர் ராணி, நம் ரஜனி திராணகமவை நினைவூட்டும் பாத்திரம். 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் ஒருவரான ரஜனி 1989 செப்டெம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் வீதியில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டவர். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. அந்தக் கிழமை எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை. கதைக்காமல் விட்டதை முப்பத்துமூன்று வருடங்களுக்குப் பின் ஒரு பேய்க்கதையில் வாசிக்கவேண்டி வந்தது. இந்த வானொலியில் இதைச் சொல்வது எல்லோருக்கும் உவப்பாக இராது. சொல்லாமல் அந்த நூலைப் பற்றிப் பேசவும் முடியாது.

இரண்டாவதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. கொழும்பில் வாழும் வஜ்ர சந்திரசேகர எழுதிய 'த செயின்ற் ஒஃப் பிறைற் டோர்ஸ்', 2023இல் வந்தது. அந்த வருடத்தின் சிறந்த நாவலுக்கான நெபியுலா விருதும், முதல் நாவலுக்கான லோக்கஸ் விருதும் அதற்குக் கிடைத்தன. நாயகனின் பெயர் ஆங்கிலத்தில் தளை அல்லது விலங்கு என்று பொருள்படும் சொல். பிறந்த கணமே தாய் அவனுடைய நிழலை அறுத்துவிடுகிறாள். தகப்பனைக் கொல்வதற்கென்றே அவனை வளர்க்கிறாள். தகப்பன் யாரென்றால், குடும்பத்தைத் துறந்துபோய் உலகம் போற்றும் மகானாகிவிட்ட ஒருவர். தாயின் பெயருக்கு மகிமையின் தாய் என்று பொருள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு யோசித்தேன். புத்தரின் மகன் ராகுலன். அந்தப் பெயருக்குத் தளை என்றே மரபில் பொருள் சொல்வார்கள். தாய் யசோதரை, புகழைத் தாங்குபவள். ஆகவே அரசமரத்தடியில் இருந்து சொல்லப்படாத கதையை, கைவிடப்பட்ட மகனின் பக்கத்தில் நின்று ஒரு சிங்கள எழுத்தாளர் சொல்கிறார். மதம் அதிகாரத்தோடு சேரும்போது நடப்பவற்றை, கலவரக் கும்பல்களை, இனத்தையும் சாதியையும் வகைப்படுத்தும் அரச ஆவணங்களை, முடிவில்லாமல் நீளும் தடுப்பு முகாம்களை அவர் மறைக்கவில்லை. முகாம் பகுதிகளை வாசித்தபோது, இவர் எங்கே இருந்து இதைப் பார்த்தார் என்று வியந்தேன். நம் மணிமேகலையிலும் ஒரு இராகுலன் வருகிறான் என்பது பலருக்கு மறந்திருக்கும். முற்பிறப்பில் அவள் இலக்குமி. அவள் கணவன் இராகுலன் திட்டிவிடம் என்ற பாம்பால் இறந்தவன். சாத்தனாரும் பௌத்தக் கதைகளில் இருந்து பெயரை எடுத்துத் தன் கதைக்குள் வைத்தவர்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வருடங்கள் கழிந்து ஒரு கொழும்புக்காரரும் அதைச் செய்கிறார்.

நூலின் பெயரில் உள்ள கதவுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். லூறியற் என்பது கதை நடக்கும் நகரம். அங்கே நீண்டகாலம் மூடிக்கிடக்கும் எந்தக் கதவும் ஒருநாள் ஒளிக்கதவாக மாறிவிடக்கூடும். பிறகு அதைத் திறக்க முடியாது. அதற்கு மறுபக்கமே இல்லாமல் போய்விடும்.

எங்கள் வீடு வலிகாமம் வடக்கில். 1990இல் இரண்டு நாளில் திரும்பலாம் என்று அம்மா முன்கதவைப் பூட்டினார். பிறகு அந்தப் பகுதி உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. இருபத்தேழு வருடங்கள் அந்தக் கதவைப் பற்றியே வீட்டில் கதைத்தோம்: நிறம் மங்கியிருக்குமோ, கறையான் அரித்திருக்குமோ, யாரும் உடைத்திருப்பார்களோ. 2017இல் காணியை விட்டபோது நான் போய்ப் பார்த்தேன். கதவும் இல்லை, சுவரும் இல்லை. கிணறு மாத்திரம் இருந்தது. அம்மாவிடம் தொலைபேசியில், "கதவு அப்படியே இருக்கு, நிறம் கொஞ்சம் மங்கிப்போச்சு" என்றேன். அவர் போன வருடம் காலமாகும்வரை அதை நம்பினார். சந்திரசேகரவின் நூலை வாசிக்கும்வரை அந்தப் பொய்யை ஒரு பொய் என்று மட்டுமே கணக்கில் வைத்திருந்தேன்.

தமிழிலே நம்மவர் இப்படி எழுதுகிறார்களா என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் ஜெயமோகன் சிறுவருக்கென்று 'பனிமனிதன்' எழுதினார், பெரியவர்களுக்கு 1997இல் 'விஷ்ணுபுரம்'. 2024இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனின் 'மர்மதேசம்' தொலைக்காட்சித் தொடரை நம் வீடுகளில் பார்க்காதவர் குறைவு. நம்முடைய போரையும் கடலையும் முகாமையும் மாயக்கதையாக, தமிழில், பெரிய அளவில் ஒருவர் எழுதினால் முதல் பிரதியை வாங்க நான் இருக்கிறேன். நம் பிள்ளைகளில் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதினாலும் வாங்குவேன். இல்லாத உலகம் உனக்கேன் என்று இனிக் கேட்கமாட்டேன்.

போன ஞாயிறு அந்தத் தாயாருக்குத் தொலைபேசி எடுத்தேன். புத்தகங்களை நிறுத்தவேண்டாம், ஆனால் இரவு பத்து மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்லுங்கள், கணக்குப் பாடத்துக்குப் பத்மினியைக் காட்டிப் பேசிப்பாருங்கள் என்றேன். ஜெமிசினின் நூலில் கெட்ட வார்த்தைகள் தாராளம் என்பதையும், மற்ற இரண்டும் பதினாலு வயதுக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்பதையும் சொன்னேன். இந்த வயதுக்கு றொஷானி சோக்ஷி 2018இல் தொடங்கிய, பாண்டவர்களைப் பெண் பிள்ளைகளாக்கிய ஆரு ஷா வரிசை நல்லது, நூலகங்களில் கிடைக்கும். பிறகு பெடியனைத் தொலைபேசிக்குக் கூப்பிடச் சொல்லி, மணிமேகலையின் கதையைப் பத்து நிமிடத்தில் சொன்னேன். அவன் பேசாமல் கேட்டான். முடிவில் தனக்குத் தெரிந்த தமிழில் ஒரு கேள்வி கேட்டான்.

"அங்கிள், அந்தத் தீவுக்கு இப்ப உண்மையா போகலாமா?"

"போகலாம் தம்பி. யாழ்ப்பாணத்தில இருந்து பஸ்ஸில குறிகட்டுவான். அங்கயிருந்து படகு."

"படகு எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிசம் வரும்" என்றேன்.